வானொலி அறிவிப்பாளர் யாரோடு பேசுகிறார்? காஹாங்கில் கேட்பவரும் டிக்டாக்கில் பார்ப்பவரும்

காலை ஏழு மணி. ஸ்டூடியோவில் அறிவிப்பாளர் "வணக்கம், எழுந்தாச்சா?" என்று கேட்கிறார். அந்தக் கேள்வி யாருக்கு?

ஜொகூரின் காஹாங்கில் சமையலறை வானொலியைப் போட்டுவிட்டு வேலை பார்க்கும் ஒரு பாட்டிக்கா? குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் 50-ஆம் எண் சாலையில் லாரி ஓட்டுபவருக்கா? இல்லை, அதே நிகழ்ச்சியின் 40 வினாடி துண்டை மதியம் டிக்டாக்கில் பார்க்கப்போகும் உங்களுக்கா?

முன்பு இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான்: வானொலி கேட்பவருக்கு. இப்போது அறிவிப்பாளர் ஒரே நேரத்தில் பல கூட்டங்களோடு பேச வேண்டியிருக்கிறது. இதனால் நேயருக்கும் அவருக்கும் இடையிலான உறவு எப்படி மாறுகிறது? யாருக்கு லாபம், யார் விடுபட்டுப் போகிறார்கள்? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், 'பேச்சு வானொலி' என்றால் என்ன?

அமெரிக்காவில் இந்தச் சொல்லுக்கு அரசியல் வாடை அதிகம். செய்தி விவகாரங்களில் இரு தரப்புக்கும் இடம் தர வேண்டும் என்ற விதியை அந்நாடு 1987-இல் கைவிட்டது. அடுத்த ஆண்டே ரஷ் லிம்பாவின் நிகழ்ச்சி நாடு முழுவதும் ஒலிபரப்பாகத் தொடங்கியது. ஒரு பக்கம் சாய்ந்து, சூடாகப் பேசி, தொலைபேசியில் வரும் நேயரோடு சேர்ந்து கோபப்படும் பாணி அங்கிருந்துதான் பெருகியது.

மலேசியாவில் நிலைமை வேறு. ஆங்கிலத்தில் பி.எஃப்.எம். 89.9 போன்ற நிலையங்களில் பேச்சுக்குத்தான் முதலிடம். தமிழில் ஆர்.டி.எம்.மின் மின்னல் எஃப்.எம்., ஆஸ்ட்ரோவின் ராகா ஆகிய இரண்டுமே பாடலையும் பேச்சையும் கலந்து தருபவை. காலை நேரக் கலகலப்பு, தொலைபேசி உரையாடல், மருத்துவர் அல்லது வழக்கறிஞரோடு கேள்வி-பதில், பிறந்தநாள் வாழ்த்து என்று பேச்சு பாடல்களுக்கு நடுவே ஓடிக்கொண்டே இருக்கும்.

இரண்டு நிலையங்களுக்கும் பணம் வரும் வழி வேறு. ஒன்று அரசு நிதியில் இயங்குகிறது, மற்றொன்று விளம்பர வருமானத்தில். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

காஹாங் வரை அந்தக் குரல் எப்படி வந்தது?

ரேடியோ மலாயா 1946 ஏப்ரல் 1-ஆம் தேதி சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டு அதிகாரப்பூர்வமாகத் தொடங்கியது. மலாய், ஆங்கிலம், சீனத்தோடு தமிழும் அதன் மொழிகளில் ஒன்று.

1948-இல் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிரான அந்தப் போராட்டத்தில் மக்களின் மனதைப் பிடிப்பதும் ஒரு போர்முனை என்று பிரிட்டிஷ் அரசு நினைத்தது. அவசரகாலத் தகவல் சேவைக்கு 1950-இல் தலைமையேற்க வந்தவர் ஹியூ கார்ல்டன் கிரீன், பின்னாளில் பி.பி.சி.யின் தலைமை இயக்குநரானவர். புதுக்கிராமங்களிலும் தோட்டங்களிலும் பலர் கூடிக் கேட்கும் பொது வானொலிப் பெட்டிகள் வைக்கப்பட்டன. காடும் தோட்டமும் சூழ்ந்த ஜொகூரின் உட்பகுதி அந்தப் போரின் முக்கியமான களங்களில் ஒன்று.

அப்போது உறவு ஒருவழிப் பாதைதான். குரல் மேலிருந்து வரும், கீழே கூட்டம் கேட்கும். கேட்டவர் திருப்பிப் பேச வழியில்லை.

பிறகு வானொலியின் தலைமையகம் 1959-இல் கோலாலம்பூருக்கு மாறியது. 1963-இல் மலேசியா உருவானதும் அது ரேடியோ மலேசியா ஆனது. டிரான்சிஸ்டர் வந்ததும் பொதுப்பெட்டி போய், லயத்து வீட்டுக்குள் சொந்த வானொலி வந்தது. கூட்டமாகக் கேட்ட குரல் குடும்பக் குரலானது. அஞ்சலட்டையில் பாடல் கேட்டு எழுதுவதும், சொந்தப் பெயர் வானொலியில் வருமா என்று காத்திருப்பதும் வாழ்க்கையின் ஒரு பகுதியாயின.

அந்தக் காலத்து அறிவிப்பாளர்கள் பலர் வெறும் குரல்கள் மட்டும் இல்லை. ரெ. கார்த்திகேசு வானொலியில் பணியாற்றி, பின்னர் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தொடர்புத்துறைப் பேராசிரியரானவர். நாடறிந்த எழுத்தாளரும்கூட. இப்படிப்பட்டவர்களின் உச்சரிப்பைக் கேட்டே தமிழைத் திருத்திக்கொண்ட தலைமுறை ஒன்று இங்கே உண்டு. அறிவிப்பாளர் அன்று பாதி நண்பர், பாதி வாத்தியார்.

முகம் தெரியாதவர் எப்படி 'நம்ம ஆளு' ஆகிறார்?

இதற்கு ஆய்வுலகில் ஒரு பெயர் உண்டு. டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் 1956-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வருபவரை, நேரில் பழகியவர் போலவே மக்கள் உணர்கிறார்கள் என்பதை அவர்கள் கவனித்தார்கள். இந்த உறவை அவர்கள் 'பாரா-சோஷியல்' என்று அழைத்தார்கள். தமிழில் 'ஒருபக்க நெருக்கம்' என்று சொல்லலாம்.

நேயருக்கு அறிவிப்பாளரின் சிரிப்பு, சளி பிடித்த குரல், குழந்தையின் பெயர் எல்லாம் தெரியும். அறிவிப்பாளருக்கு அந்த நேயர் இருப்பதே தெரியாது. ஆனாலும் நெருக்கம் பொய்யில்லை. தனியாக வேலை செய்பவருக்கு, இரவு ஷிஃப்ட் பார்ப்பவருக்கு, துணையை இழந்தவருக்கு அந்தக் குரல் உண்மையாகவே துணைதான்.

இதை வரவழைக்க ஒலிபரப்பாளர்களுக்குச் சொல்லித்தரும் பால பாடம் ஒன்றுதான்: கூட்டத்தோடு பேசாதே, ஒருவரோடு பேசு. 'நேயர்களே' என்று ஆயிரம் பேரை அழைப்பதைவிட, எதிரே ஒரு அக்கா உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பேசினால் கேட்கிற ஒவ்வொருவருக்கும் 'என்கிட்டதான் பேசுறாரு' என்று தோன்றும்.

தமிழில் இந்தக் கலையின் உச்சம் இலங்கை வானொலி. எஸ்.பி. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் கடல் தாண்டித் தமிழ்நாட்டிலும் வீட்டுக் குரல்களாயின. அப்துல் ஹமீதின் 'பாட்டுக்குப் பாட்டு' நேயரையே மேடைக்குக் கொண்டுவந்தது. திரைப்பட நடிகருக்கு இணையான புகழ், ஆனால் பலருக்கு அவர்கள் முகம் தெரியாது. இன்று யோசித்தாலே விநோதமாக இருக்கும்.

தொலைபேசியிலிருந்து குரல் பதிவு வரை: என்ன மாறியது?

நேயர் திருப்பிப் பேசும் வழி மாறும்போதெல்லாம் உறவும் மாறியிருக்கிறது.

• கடிதம்: பதில் வர வாரக்கணக்கில் ஆகும். எதை வாசிப்பது என்று நிலையம்தான் முடிவு செய்யும். நேயரின் குரல் அறிவிப்பாளரின் வாய் வழியாகத்தான் வெளிவரும்.

• தொலைபேசி: முதன்முறையாக நேயரின் சொந்தக் குரல் அலையில் ஏறியது. ஆனால் யார் வேண்டுமானாலும் உடனே பேசிவிட முடியாது. தயாரிப்பாளர் முதலில் அழைப்பை எடுத்து, பெயரும் விஷயமும் கேட்டு, வரிசையில் நிற்க வைப்பார். நேரலை என்றாலும் பல நிலையங்கள் சில வினாடி தாமதத்தில்தான் ஒலிபரப்பும். ஏழு வினாடி என்பது புகழ்பெற்ற அளவு. யாராவது கெட்ட வார்த்தை பேசினால் வெட்டிவிடத்தான் அந்த இடைவெளி.

• வாட்ஸ்அப் குரல் பதிவு: நம்மூரில் 'புலனம்' என்றும் சொல்கிறோம். காத்திருக்க வேண்டாம், பதற்றம் இல்லை, பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடியும் பேசலாம். நேரலையில் பேசக் கூச்சப்படுபவர்களுக்கு இது பெரிய வசதி. ஆனால் பதிவை நிலையம் வெட்டி ஒட்டலாம். உரையாடலாக இருந்தது துணுக்காகச் சுருங்கிவிடும் அபாயமும் உண்டு.

• சமூக ஊடகம்: இங்கேதான் பெரிய திருப்பம். டிக்டாக், இன்ஸ்டாகிராம், முகநூல் பின்னூட்டங்களில் தயாரிப்பாளரின் வடிகட்டலும் இல்லை, ஏழு வினாடியும் இல்லை. பாராட்டு உடனே வரும், வசையும் உடனே வரும். நிகழ்ச்சி முடிந்தாலும் அறிவிப்பாளரின் வேலை முடியாது. இரவு பதினோரு மணிக்குத் தனிச்செய்தியில் ஒருவர் மனக்கஷ்டத்தைக் கொட்டினால், பதில் போடாத அறிவிப்பாளர் 'தலைக்கனம் பிடித்தவர்' ஆகிவிடுவார்.

ஒருபக்க நெருக்கம் இருபக்கமானதுபோல் தெரிகிறது. ஆனால் ஒரு மனிதரால் ஆயிரக்கணக்கானோருக்கு உண்மையான நண்பராக இருக்க முடியாது. பின்னூட்டத்தில் உங்கள் பெயரைச் சொல்லி இதயக்குறி போடுவது நட்பா, வேலையின் ஒரு பகுதியா? பல சமயம் இரண்டும்தான்.

விளம்பரம் உள்ளே வரும்போது?

இங்கேதான் பணம் வரும் வழி முக்கியம். விளம்பரத்தில் இயங்கும் வானொலியில் அறிவிப்பாளரே பொருளைப் பற்றிப் பேசுவது பழைய வழக்கம். நேயர் அவர்மேல் வைத்த நம்பிக்கையைத்தான் விளம்பரதாரர் விலைகொடுத்து வாங்குகிறார்.

வானொலியில் விளம்பர இடைவேளை என்று காதுக்குத் தெரிந்துவிடும். அதே அறிவிப்பாளர் தன் சொந்த இன்ஸ்டாகிராமில் "நான் தினமும் இதைத்தான் பூசுறேன்" என்று சொல்லும்போது, அது அனுபவமா, சம்பளமா என்று பிரிப்பது கடினம். 'அக்கா சொன்னாங்க' என்று வாங்கும் முன், அது பணம் பெற்ற பதிவு என்று எங்காவது குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

யார் 'நேயர்'? கணக்கில் வருபவரும் வராதவரும்

இந்தக் கதையின் மையமே இதுதான்.

ஒரு நிலையம் தன் நேயரை எப்படி எண்ணுகிறது? தீபகற்ப மலேசியாவில் வணிக வானொலிகள் பெரிதும் நம்புவது ஜி.எஃப்.கே. நிறுவனத்தின் கணிப்பை. தேர்ந்தெடுக்கப்பட்ட மக்கள் ஒரு வாரத்தில் எப்போது, எதைக் கேட்டார்கள் என்று நாட்குறிப்பில் எழுதுவார்கள். அதில் காஹாங் பாட்டி போன்ற ஒருவரும் இடம்பெற வாய்ப்பு உண்டு. ஆனால் இந்த முடிவுகள் மெதுவாகத்தான் வரும்.

சமூக ஊடகக் கணக்கு அப்படி இல்லை. காலை எட்டு மணிக்குப் போட்ட காணொளியை எத்தனை பேர் பார்த்தார்கள், எந்த வினாடியில் விலகினார்கள் என்பது ஒன்பது மணிக்கே தெரிந்துவிடும். ஆர்.டி.எம். கிளிக், சியோக் போன்ற செயலிகளில் கேட்பவரும் எண்ணிக்கையில் தெரிவார்.

சரி, இதுல என்ன பிரச்சனை? உடனே தெரியும் எண் மெதுவாக வரும் எண்ணை அமுக்கிவிடும். நாளைய நிகழ்ச்சியில் எதைப் பேசுவது என்று முடிவு செய்யும் மேசையில், பின்னூட்டம் போட்டவர் கண்ணுக்குத் தெரிவார். சும்மா கேட்டுவிட்டு வேலைக்குப் போனவர் தெரியமாட்டார். சண்டையைக் கிளப்பும் தலைப்புக்குப் பின்னூட்டம் குவியும். மருத்துவரிடம் நீரிழிவு பற்றிக் கேட்ட இருபது நிமிடத்துக்கு இதயக்குறி குறைவாகத்தான் விழும். ஆனால் அந்த இருபது நிமிடத்தைக் கேட்டு ஒருவர் கிளினிக்குக்குப் போயிருக்கலாம். அது எந்த எண்ணிலும் பதிவாகாது.

காஹாங் போன்ற ஊர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவுக்கான நுழைவாயில் என்று சுற்றுலாப் பயணிகளுக்குத் தெரிந்த ஊர் அது. செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த பகுதி. இத்தகைய ஊர்களின் இளைஞர்களில் பலர் வேலைக்காக ஜொகூர் பாருவுக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடுகிறார்கள். அங்கே அவர்களுக்குச் சிங்கப்பூரின் ஒலி 96.8-உம் கேட்கும், ஸ்பாட்டிஃபையும் கையில் இருக்கும். ஊரில் மிஞ்சும் பெரியவர்களுக்கு எஃப்.எம். பெட்டிதான். பின்னூட்டம் போடத் தெரியாதவர்கள், ஆனால் நாள் முழுக்கக் கேட்பவர்கள்.

அறிவிப்பாளர் 'ஒருவரோடு பேசு' என்ற பாடத்தை இன்றும் பின்பற்றுகிறார். கேள்வி, அந்த ஒருவர் யார் என்பதுதான்.

ஒரு காணொளி, 250,000 ரிங்கிட்

ஸ்டூடியோவுக்கும் சமூக ஊடகத்துக்கும் இடையே சுவர் இல்லை என்பதை நாடே பார்த்தது 2025 மார்ச் மாதத்தில்.

மலாய் வானொலியான எரா எஃப்.எம். அறிவிப்பாளர்கள் மூவர், 'வேல் வேல்' என்று சொல்லிக் காவடியாட்டத்தைக் கேலி செய்வதுபோல் ஆடிய காணொளி சமூக ஊடகத்தில் வெளியானது. தைப்பூசம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இந்துக்களிடையே கடும் கோபம் எழுந்தது. காணொளி நீக்கப்பட்டது, அறிவிப்பாளர்களும் நிலையமும் மன்னிப்புக் கேட்டார்கள், அவர்கள் பணியிலிருந்து இடைநிறுத்தப்பட்டார்கள். எம்.சி.எம்.சி. எனப்படும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் முதலில் உரிமத்தையே இடைநிறுத்தப்போவதாக அறிவித்தது. பிறகு, நிலையத்தை நடத்தும் மேஸ்ட்ரா புரோட்காஸ்ட் நிறுவனத்துக்கு 250,000 ரிங்கிட் அபராதம் விதித்தது.

மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, பிரச்சனையானது சமூக ஊடகத்துக்காகப் போடப்பட்ட ஒரு துண்டு. ஆனால் ஆபத்துக்குள்ளானது ஒலிபரப்பு உரிமம்.

இரண்டாவது, அந்த நிலையத்தின் வழக்கமான நேயர்கள் மலாய் பேசுபவர்கள். கோபப்பட்டவர்களில் பலர் அதைக் கேட்டே பழக்கமில்லாதவர்கள். எஃப்.எம். காலத்தில் அந்தக் கேலி ஸ்டூடியோச் சுவருக்குள்ளேயே முடிந்திருக்கலாம். இப்போது யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது, சட்டம் எல்லோருக்கும் பொது. 1998-ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவு இணையத்தில் பதிவிடும் எவருக்கும் பொருந்தும். 2025 பிப்ரவரியில் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, அதன் உச்ச அபராதம் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000 ரிங்கிட்டாக உயர்ந்தது. இந்தப் பிரிவு பேச்சுரிமையை நெருக்குகிறது என்ற விமர்சனமும் நீண்டநாளாக உண்டு. கோபத்தில் பின்னூட்டம் தட்டும் நேயருக்கும் இந்தச் சட்டம்தான் என்பதை மறக்க வேண்டாம்.

எந்தத் தமிழில் பேசுவது?

அறிவிப்பாளர்களிடம் நேயர்கள் அடிக்கடி சொல்லும் குறைகளில் ஒன்று மொழி. 'தமிழைக் கொல்றாங்க' என்பார் ஒருவர். 'செய்தி வாசிக்கிற மாதிரி இருக்கு, போர்' என்பார் இன்னொருவர்.

இரண்டு பேரும் ஒரே நிலையத்தைக் கேட்பவர்கள். தமிழ்ப்பள்ளியில் படித்து வீட்டிலும் தமிழ் பேசுபவர், மலாய்ப் பள்ளியில் படித்துக் காதால் மட்டும் தமிழ் கற்றவர், ஆங்கிலமும் தமிழும் கலந்தே யோசிப்பவர் என்று நேயர்கள் பலவிதம். தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாத பல மலேசியத் தமிழர்களுக்கு வானொலிதான் தினமும் தமிழ் கிடைக்கும் இடம். அதனால் அறிவிப்பாளர் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு சொல்லும், 'நீயும் இந்தக் கூட்டத்துல ஒருத்தர்தான்' என்று ஒருவருக்குச் சொல்கிறது. இன்னொருவருக்குச் சொல்லாமல் விடுகிறது.

வெள்ளம் வந்தால் யார் பேசுவார்?

2023 மார்ச் வெள்ளத்தில் ஜொகூரின் பல மாவட்டங்கள் பாதிக்கப்பட்டன. குளுவாங்கும் அவற்றில் ஒன்று, காஹாங் அந்த மாவட்டத்தைச் சேர்ந்தது. 2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் வந்த பெருவெள்ளமும் இதே பகுதிகளை மூழ்கடித்தது.

மின்சாரம் போய், கைத்தொலைபேசிக் கோபுரமும் செயலிழந்தால் டிக்டாக் வேலை செய்யாது. பேட்டரியில் ஓடும் வானொலியும் கார் வானொலியும் வேலை செய்யும். எந்தச் சாலை மூடியிருக்கிறது, எந்தப் பள்ளியில் நிவாரண மையம் என்பதை, புரியும் மொழியில், ஏற்கெனவே பழகிய குரல் சொன்னால்தான் ஒரு முதியவர் வீட்டைவிட்டுக் கிளம்புவார். அந்த நம்பிக்கையை வெள்ளம் வந்த அன்று உருவாக்க முடியாது. பிறந்தநாள் வாழ்த்திலும் காலை அரட்டையிலும் பல ஆண்டுகள் சேர்ந்தது அது.

குரல் இணையத்துக்கு மாறினால் நேயரும் மாறுவாரா?

முழுதாக இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். 1941-இல் தொடங்கிய பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்பு 'தமிழோசை' என்ற பெயரில் பல தலைமுறைகளின் நம்பிக்கையைப் பெற்றது. இலங்கைப் போர்க்காலத்தில் உண்மை நிலவரம் தெரிய அதை நம்பியிருந்த குடும்பங்கள் ஏராளம். சிற்றலை வானொலிச் சேவை 2017 ஏப்ரல் 30-ஆம் தேதி முடிவுக்கு வந்தது, பி.பி.சி. தமிழ் இணையத்திலும் காணொளியிலும் தொடர்கிறது.

புதிய தளத்தில் புதிய, இளைய வாசகர்கள் வந்தார்கள். ஆனால் இரவில் சிற்றலையைத் திருகிக் கேட்டவர் எல்லோரும் செயலியைப் பதிவிறக்கம் செய்து பின்னால் வந்திருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. தளம் மாறுவதில் தவறில்லை. மாறும்போது யார் கூட வரவில்லை என்று திரும்பிப் பார்ப்பதும் அந்த வேலையின் பாதிதான்.

சுருக்கமாக

• வானொலி உறவு ஒருவழியாகத் தொடங்கி, கடிதம், தொலைபேசி, குரல் பதிவு வழியாக இருவழியானது. சமூக ஊடகம் அதிலிருந்த வடிகட்டலை நீக்கிவிட்டது.

• அறிவிப்பாளர் இப்போது நாள் முழுக்க 'ஆன்'. பாராட்டும் வசையும் விளம்பர வாய்ப்பும் அவருடைய சொந்தக் கைத்தொலைபேசியிலேயே வந்து விழுகின்றன.

• பின்னூட்டம் போடுபவரின் விருப்பம் நிகழ்ச்சியைத் தீர்மானிக்கத் தொடங்கினால், அமைதியாகக் கேட்பவர் விடுபடுவார். ஆபத்து நேரத்தில் வானொலி அதிகம் தேவைப்படுவது அவருக்குத்தான்.

நீங்கள் என்ன செய்யலாம்?

உங்களுக்கு ஒரு நிகழ்ச்சி பயன்பட்டால், அதைச் சொல்லி ஒரு குரல் பதிவு அனுப்புங்கள். கோபப்பட்டவர்கள் எப்படியும் எழுதுவார்கள், பயன்பெற்றவர்கள்தான் சும்மா இருந்துவிடுகிறார்கள்.

வீட்டில் தாத்தா பாட்டி வானொலி கேட்பவர்களா? அவர்களுக்கு என்ன பிடிக்கிறது, என்ன பிடிக்கவில்லை என்று கேட்டு, அவர்கள் குரலிலேயே பதிவு செய்து நிலையத்துக்கு அனுப்பிவையுங்கள். இரண்டு நிமிட வேலை.

வெள்ளக்காலத்துக்கு முன் பேட்டரி வானொலி ஒன்றை எடுத்து வையுங்கள். உங்கள் பகுதியில் எந்த அலைவரிசை தெளிவாகக் கேட்கிறது என்று இப்போதே திருகிப் பார்த்து, ஒரு தாளில் எழுதி அதன் மேலேயே ஒட்டிவிடுங்கள்.